ஜிம்மி ரோஜர்ஸ்: நோயைக் கேட்பதா, பாட்டைக் கேட்பதா?

இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் ஒரு பாடலைக் கொடுத்துத் திறனாய்வு எழுதச் சொன்னால், பாடியவரின் வாழ்க்கைக் கதை வந்து சேரும், பாட்டைக் காணோம்! அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் ஜிம்மி ரோஜர்ஸைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் இதையேதான் செய்கிறார்கள்.

கதை அப்படி. மிசிசிப்பி மாநிலத்துக்காரர், ரயில்வே தொழிலாளி. 1924-இல் காசநோய். 1927 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பிரிஸ்டல் நகரில் முதல் ஒலிப்பதிவு. 1933 மே மாதம் நியூயார்க்கில் கடைசிப் பதிவு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கட்டிலில் படுத்துப் படுத்து எழுந்துதான் பாடினார். அது முடிந்து இரண்டே நாளில், மே 26-ஆம் தேதி இறந்தார். வயது 35. ஆறு வருஷம்கூட முழுசா இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள்.

இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் எல்லாப் பாட்டும் சோகமாகத்தான் தெரியும். ஆனா குரல் அப்படிச் சொல்லலையே! 1931-இல் பாடிய 'டி.பி. புளூஸ்' அவருடைய சொந்த நோயைப் பற்றியது. அழுவார் என்று காத்திருக்கிறோம். அவரோ வாசலில் வந்து நிற்கும் கடன்காரனைப் பற்றிப் பேசுகிற மாதிரி, கொஞ்சம் சலிப்போடு பாடிவிட்டுப் போகிறார். அவருடைய பெயர்பெற்ற யோடல், அதாவது நெஞ்சுக்குரலிலிருந்து சட்டென்று பொய்க்குரலுக்குத் தாவுவது, அழுகையாக எனக்குப் படவில்லை. வரி முடிந்த இடத்தில் ஒரு தோள்குலுக்கல், அவ்வளவுதான்.

அந்த வாழ்க்கைக் கதை இன்னொன்றையும் மறைக்கிறது. முதல் வரியைத் திருப்பிப் பாடி மூன்றாம் வரியில் பதில் சொல்லும் அவருடைய 'புளூ யோடல்' வடிவம் கறுப்பின மக்களின் புளூஸ். 1930 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் பதிவான 'புளூ யோடல் எண் 9' பாடலில் டிரம்பெட் ஊதுபவர் லூயி ஆம்ஸ்ட்ராங். இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. டிரம்பெட் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லச் சொல்ல, ரோஜர்ஸ் தாளத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளாடுகிறார், அதிலும் ஓர் அழகு. என் கணக்கில் அவருடைய ஆகச் சிறந்த பதிவு இதுதான். அம்மா, வீடு என்று உருகும் பாடல்களை நான் தாண்டிப் போய்விடுவேன். கண்ணீருக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருக்கும்.

வகுப்பில் போடுவதாக இருந்தால் எண் 9-ஐ முதலில் போடுங்கள். குரலும் டிரம்பெட்டும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று பத்து வரி எழுதச் சொல்லுங்கள். நோய், கட்டில், தேதியெல்லாம் அடுத்த பாடவேளைக்கு. அதன் பிறகு 'டி.பி. புளூஸ்' கேட்கலாம்.