நிற்கத் தெரிந்தவர்

2018 மார்ச் 17. பெங்களூரு ஈஜிபுராவில் குடியிருக்கும் தமிழர்களுக்கு அன்றைய சாயங்காலம் லேசானதல்ல. கண்டீரவா மைதானத்தில் ஐ.எஸ்.எல். கால்பந்து இறுதி ஆட்டம். சோறு போடும் ஊர் ஒரு பக்கம், பேச்சைக் கொடுத்த ஊர் மறுபக்கம். லீக் சுற்றில் பெங்களூரு 40 புள்ளி, சென்னையின் எஃப்சி 32. கோப்பை இங்கேதான் என்பது தெருவெல்லாம் பேச்சு. விவேக்நகர், ரிச்மண்ட் ரோடு என்று பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எந்த அணிக்கும் கத்தப் போவதில்லை. தொண்ணூறு நிமிடமும் ஒரே ஓர் ஆளைப் பார்க்கப் போகிறேன். சென்னை அணியின் வியாசர்பாடி தனபால் கணேஷை.

நாலு நாள் முன்பு, சென்னையில் கோவாவை 3-0 என்று வென்ற அரையிறுதியில் 29-ஆம் நிமிடத்தில் ஒரு கோல் அடித்திருந்தார். மற்ற இரண்டும் சக ஆட்டக்காரர் ஜேஜேயுடையவை. ஆனால் நான் பார்க்க விரும்பியது அவருடைய கோலை அல்ல. தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால், நடு மைதானத்தில் அவர் நிற்கும் நிலையை.

கண்டீரவாவில் புல்லைச் சுற்றி ஓட்டப் பாதை இருப்பதால் ஆட்டக்காரர்களின் முகம் எட்டாது. அதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது வரம். மேல் வரிசையில் உட்கார்ந்தால் பதினோரு பேரும் ஒரே படமாகத் தெரிவார்கள். பந்தை விட்டுக் கண்ணை எடுக்கப் பழகிக்கொண்டால், டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரின் வேலை மெல்ல மெல்லத் துலங்கும்.

முதலில் கழுத்தைப் பாருங்கள். பந்து இன்னும் வரவில்லை. அதற்குள் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான், தன் ஆள் எந்தப் பக்கம் காலியாக இருக்கிறான் என்ற கணக்கு அப்போதே முடிந்துவிடும். அடுத்து இடுப்பு. பந்து வரும் திசைக்கு நேராக நிற்காமல் பாதி திரும்பி நின்றால்தான் வாங்குவதும் திரும்புவதும் ஒரே அசைவாகும். மூன்றாவதுதான் நுட்பம். பக்கத்துத் தடுப்பாட்டக்காரர் முன்னேறி ஓடியதும், அவர் விட்டுப்போன காலியிடத்தை நோக்கி இவர் நாலு எட்டு நகர்வார். எதிரணிக்காரன் அந்த வழியே பாஸ் கொடுக்கக் காலை ஓங்குவான்; இவர் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பின்னால் தட்டிவிடுவான். அந்தக் கொடுக்கப்படாத பாஸ்தான் இவருடைய சாதனை. அதை எழுதிவைக்க எந்த ஸ்கோர்போர்டிலும் இடமில்லை.

மார்கழிக் கோலத்தில் புள்ளி மாதிரி இந்த வேலை. இழை இழுத்து முடித்த பிறகு எல்லோரும் இழையைத்தான் பார்ப்பார்கள். புள்ளி உள்ளே மறைந்துவிடும். ஆனால் ஒரு புள்ளி தள்ளிப் போனால் இழை எங்கே போய்ச் சேரும்?

அன்றைக்குப் பெங்களூருவின் சேத்ரி 9-ஆம் நிமிடத்திலேயே பாய்ந்து தலையால் முட்டிக் கோல் அடித்தார், மைதானம் அதிர்ந்தது. சென்னையின் மெய்ல்சன் ஆல்வெஸ் 17-இலும் 45-இலும் இரண்டு ஹெட்டர்களால் பதில் சொன்னார். 67-இல் ரஃபேல் அகுஸ்தோ மூன்றாவதைப் போட்டார். கடைசி நேரத்தில் பெங்களூருவுக்கு மீக்கு ஒன்று திருப்பியும் பலனில்லை. 3-2, கோப்பை சென்னைக்கு. மறுநாள் பேப்பரில் கோல் அடித்தவர்களின் பெயர்கள் இருந்தன. நான் கண்ட ஆட்டத்தின் நடுவே 23 வயதுப் பையன் ஒருவன் நின்றிருந்தான். குட்டி பிரேசில் என்று வடசென்னைக்காரர்கள் சொல்லும் வியாசர்பாடியில் பந்து பழகியவன். நெருக்கடியில் வளர்ந்த காலுக்கே உரிய பதற்றமின்மை அவனிடம் இருந்தது.

அடுத்த சீசன் கணேஷுக்கு வரவேயில்லை. முழங்கால் காயம், அறுவை சிகிச்சை; 2018-19 முழுவதும் போயிற்று. சாம்பியன் அணி அந்த வருடம் 18 ஆட்டங்களில் 9 புள்ளி எடுத்துப் பட்டியலின் அடியில் முடித்தது. ஒருவர் இல்லாததால் மட்டும் ஓர் அணி அப்படிச் சரிந்துவிடாது. ஜேஜேயின் கோல்களும் வற்றிப்போயிருந்தன. ஆனாலும் நடுவில் இருந்த அந்தப் புள்ளி அழிந்திருந்தது, பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரிந்தது. கணேஷ் திரும்பி வந்தார். 2018-இன் அந்த இடம் மட்டும் மறுபடி நிலையாக அமையவில்லை. ஜேஜேக்கும் 2019-இல் முழங்காலில் கத்தி வைக்க வேண்டியதாயிற்று.

விங்கில் ஓடுகிறவருக்குக் காயம் பட்டால் வேகம் குறைந்தது கடைசி வரிசை ரசிகருக்கும் தெரியும். நடுவில் நிற்கிறவருக்குக் குறைவது வேறு. அவர் பிழைப்பே திரும்புவதில் இருக்கிறது. பூட்ஸின் முள் புல்லில் பதிந்து நிற்க, உடம்பு மட்டும் திரும்பும்போது மொத்த முறுக்கையும் முழங்காலுக்குள் இருக்கும் தசைநார்தான் தாங்குகிறது. யாரும் தொடாமலே அது கிழிவதுண்டு. வேறிடத்து நாரை எடுத்து வைத்துச் சரிசெய்தாலும், பல மாதம் கழித்து மைதானத்துக்கு வரும்போது காலுக்கும் மனசுக்கும் நடுவே சின்னத் தயக்கம் ஒன்று குடியேறியிருக்கும். முன்பு பந்தைப் பறித்த இடத்தில் இப்போது அரை எட்டுப் பிந்துவார். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு ஃபவுல், அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் அணிக்கு ஆடிய லெட்லி கிங் இதற்கு நேரெதிர்ப் பக்கத்தைக் காட்டியவர். ஒரு முழங்காலில் குருத்தெலும்பே மிச்சமில்லை. வாரம் முழுக்க மற்றவர்களோடு பயிற்சி செய்ய முடியாது; ஆட்ட நாளில் மட்டும் இறங்குவார். ஓட்டத்தைச் சிக்கனம் பண்ண வேண்டிய கட்டாயம், அவர் ஆட்டத்தை முன்கூட்டியே படிக்கும் திறனைப் பளிச்சென்று காட்டிவிட்டது. 2008-இல் அந்தக் காலோடுதான் லீக் கோப்பையைத் தலைவராக வாங்கினார். அவர் ஆட்டத்தைப் பார்த்தால், இந்தக் கலையில் கண்ணின் பங்கு எவ்வளவு என்பது புரியும்.

சென்னைக்கு இந்த வலி பழையது. இந்தியக் கேப்டனாக இருந்த வி.பி. சத்யன், 1995-இன் சிறந்த இந்திய ஆட்டக்காரர், கண்ணூரிலிருந்து வந்து இந்தியன் வங்கி அணியோடு சென்னையில் வாழ்ந்தவர். ஆட்டம் விட்ட பிறகும் கால் வலி அவரை விடவில்லை. 2006-இல், 41 வயதில் போய்ச் சேர்ந்தார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் துயரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. 'காயம் மட்டும் படாமல் இருந்திருந்தால்' என்று தொடங்கும் பேச்சு ஆடாத ஆட்டத்தையே அளக்கிறது. ஆடிய ஆட்டம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஓர் ஆட்டக்காரருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவர் கண்ணெதிரே செய்ததை நுட்பமாக நினைவில் வைத்துக்கொள்வது. பாதி சீசனே ஆடியிருந்தாலும் அது முழுமையான ஆட்டம்தான்.

1997 தேசிய விளையாட்டுக்கு வந்தவர்களுக்காகக் கட்டிய நேஷனல் கேம்ஸ் வில்லேஜ் எங்கள் ஏரியாவின் ஓரத்தில் நிற்கிறது. அதற்கு இந்தப் பக்கம், ஞாயிறு காலைகளில் கொஞ்சம் மண் கிடைத்த இடத்தில் பந்து உருள்கிறது. தமிழும் கன்னடமும் கலந்த கூச்சல். பையன்கள் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள். நடுவில், வலது காலில் நீ-கேப் மாட்டிய நடுவயதுக்காரர் ஒருவர். அதிகம் ஓடமாட்டார். அவரிடம் வரும் பந்து இரண்டு தொடலில் வெளியேறிவிடும், எப்போதும் காலியாக இருப்பவனிடம். காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு நான் அவரையே பார்க்கிறேன். பந்து வருவதற்கு முன், ஒவ்வொரு முறையும், அவர் கழுத்து ஒரு தடவை பின்னால் திரும்புகிறது.