பத்தொன்பது டெசிபல்

சைட்டில் என் கையில் அடிக்கடி இருப்பது ஒலிமானி. ஜெனரேட்டர் அறை, ஏசி குழாய், பம்ப் என்று எங்கே நீட்டினாலும் ஓர் எண் வரும். எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். ஓர் எண் என்னை உட்கார வைத்தது லாரன்ஸ் அபு ஹம்டானின் ‘சைத்னாயா’ படைப்பைக் கேட்டபோதுதான்.

சைத்னாயா, டமாஸ்கஸுக்கு வடக்கே இருந்த சிரிய ராணுவச் சிறை. கைதிகளைக் கண்கட்டித்தான் நடத்திப் போவார்கள். பேசினால் அடி, சில சமயம் சாவு. அதனால் உயிரோடு வெளியே வந்தவர்களிடம் அந்தக் கட்டடம் பெரும்பாலும் சத்தமாகவே இருந்தது. 2016இல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸைச் சேர்ந்த ஃபாரன்சிக் ஆர்க்கிடெக்சர் குழு, அம்னஸ்டி இன்டர்நேஷனலுக்காக இஸ்தான்புல்லில் அவர்களைச் சந்தித்தது. அவர்கள் சொல்லச் சொல்ல, வடிவமைப்பாளர்கள் திரையில் சுவர் எழுப்பினார்கள். அபு ஹம்டான் வெவ்வேறு எதிரொலிகளைப் போட்டுக் காட்டி, எது உங்கள் அறை மாதிரி இருக்கிறது என்று கேட்டார். அறையின் கொள்ளளவை வைத்து எதிரொலி நேரத்தைக் கணக்கிடத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இவர் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்: நினைவிலிருக்கும் எதிரொலியிலிருந்து அறைக்கு.

அந்த எண் 19. கைதிகள் தங்களுக்குள் எவ்வளவு மெதுவாகக் கிசுகிசுக்க முடிந்தது என்று அளந்து பார்த்ததில், 2011க்கு முன் அடைபட்டவர்களைவிடப் பின்னால் வந்தவர்களின் கிசுகிசுப்பு 19 டெசிபல் இறங்கியிருந்தது. டெசிபல் மடக்கைக் கணக்கு. 19 குறைந்தால் ஒலியின் ஆற்றல் கிட்டத்தட்ட 80இல் ஒரு பங்கு. பயத்துக்கு இப்படியோர் அளவீட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இணையத்தில் இருக்கும் முப்பரிமாண மாதிரி மீது எனக்குக் குறை உண்டு. சாம்பல் நிறச் சுவர்கள் ரொம்ப சுத்தம். மவுஸைப் பிடித்து உள்ளே நடக்கும்போது கேம் விளையாடுற மாதிரி இருக்கிறது, கூசுகிறது. காது நம்புவதைக் கண் கெடுக்கிறது. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வதே மேல்.

ஓரிடத்தில் மட்டும் படம் ஜெயிக்கிறது. ஒருவருக்குத் தான் அடிபட்ட இடம் வட்டமாக, சுற்றிலும் கதவுகளாக நினைவிருக்கிறது. அந்தக் கட்டடத்தில் அது சாத்தியமில்லை. குழு அதைத் தப்பென்று தள்ளவில்லை. அவர் சொன்னபடியே வரைந்து வைத்தது. நானாக இருந்தால் சிவப்புப் பேனாவை எடுத்திருப்பேன்.

எடுத்தும் இருக்கிறேன். ஒப்பிடவில்லை, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் பாட்டியின் லயத்து வீடு இடிக்கப்பட்டு வருடங்கள் ஆன பிறகு, ஒரு தீபாவளிக்கு அவரைக் கேட்டுக் கேட்டு அதை வரைந்தேன். அவருக்கு அப்போது கண்புரை முற்றியிருந்தது. பொதுக்குழாய் அடுப்படிக் கதவை ஒட்டியே இருந்தது என்றார். விடியக்காலையில் அங்கே வாளி உருளும் சத்தத்தில்தான் எழுந்திருப்பாராம். மாமா சிரித்தார்: “குழாய் லயத்துக் கடைசியிலடா, எட்டு வீடு தள்ளி.” நான் அழித்துவிட்டு மாமா சொன்ன இடத்தில் போட்டேன்.

“அப்பறம் எதுக்குய்யா என்னயக் கேக்குற?” என்றார் பாட்டி. அதற்குப் பிறகு வீட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை.

2024 டிசம்பரில் அசாத் ஆட்சி விழுந்து சைத்னாயா திறக்கப்பட்டது. கேமராக்கள் உள்ளே போயின. இனி அந்த மாதிரி எதற்கு என்று நண்பன் கேட்டான். வீடியோக்களைப் பார்த்தேன், நடைவழிகள் நேராகத்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே ஒரே கூச்சல், பூட்டை உடைக்கிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அந்த 19ஐ அதில் தேட முடியாது. அது வட்டத்தை வரைந்தவர்களிடம்தான் இருக்கிறது.

பாட்டியின் தாளில் அழித்த கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது. போன வாரம் குழாயைத் திரும்பக் கதவோரத்திலேயே வரைந்தேன். மாமாவிடம் காட்டவில்லை.