தோட்டக் கதைகளில் தொழிலாளியின் உடை

தோட்டத்தைப் பற்றிய கதைகளில் ஆண் தொழிலாளி தோன்றும்போதெல்லாம் இரண்டு அடைமொழிகள் பெரும்பாலும் உடன் வந்துவிடுகின்றன: கிழிந்த சட்டை, அழுக்கேறிய கைலி. படிப்பவர் இரங்க வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நல்லதே, ஆயினும் அவ்வருணனை உண்மையைப் பாதியில் விட்டுவிடுகிறது.

ரப்பர்ப் பால் துணியில் பட்டு உலர்ந்தால் கறுத்து இறுகிவிடும். எவ்வளவு அடித்துத் துவைத்தாலும் போகாது. ஆதலின் பால்வெட்டுக்காரன் பழைய சட்டை ஒன்றை வேலைக்கென்றே ஒதுக்கினான். அதில் இருப்பது அழுக்கன்று, கறை. காண்டாக் கம்பு தோளை அறுக்காதிருக்கத் துண்டை மடித்து வைத்தான். இடுப்பில் கொசுவர்த்தி புகைந்தது. ஒட்டுப்பால் நாற்றம் வீட்டுக்குள் வராதபடி அச்சட்டை வெளிக்கொடியிலேயே தொங்கும். பிற்பகலில் குளித்து, திருநீறணிந்து, வெளுத்த வேட்டியும் பனியனுமாக லயத்து வாசலில் அமர்ந்தவனும் அதே மனிதன்தான். இந்த இரண்டாவது மனிதனைக் கதைகள் காண்பது அரிது. காணும்போதும் நேரே கள்ளுக்கடைக்கு அனுப்பிவிடுகின்றன!

பாசிர் பெனம்பாங் அடங்கிய கோல சிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டம் நடத்திய பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே. அவருடைய ‘மலேசி’ என்னும் நாவல் 1930-இல் வெளிவந்து, அவ்வாண்டே கோன்கூர் பரிசும் பெற்றது. அதன் முடிச்சு மலாய்ப் பணியாளன் ஸ்மாயிலைச் சுற்றி அமைந்தது; தோட்டத் தமிழர் பெரும்பாலும் பின்புலமே. துரை வராந்தாவிலிருந்து பார்த்தார். அஃது அவருக்கு இயல்பு. லயத்தில் பிறந்த எழுத்தாளரும் அதே வராந்தாவில் ஏறி நின்று பார்ப்பதுதான் வியப்பு.

துண்டையே எடுத்துக்கொள்வோம். தோளில் கிடந்த துண்டு, பெரிய மனிதரைக் கண்டதும் கக்கத்துக்கு இறங்குவது ஊரிலிருந்து கப்பலேறி வந்த வழக்கம். தோட்டத்தில் அதனோடு சைக்கிளும் சேர்ந்தது: துரையையோ கிராணியையோ கண்டால் இறங்கி நிற்க வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சைக்கிளிலிருந்து இறங்காதிருக்கும் உரிமையும் கோரிக்கையாக எழுந்தது. காந்தி குல்லாய் அணிந்து வந்தவர்களும் இருந்தனர். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. ஒரு வெள்ளைக் குல்லாய் துரைமார் கண்ணை ஏன் உறுத்திற்று என்று கேட்கப் புகும் எழுத்தாளனுக்குக் கிழிந்த சட்டை மட்டும் போதாது.

ஃபோக்கோனியே 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் வணிக முறையில் செம்பனை பயிரிட்டார். பின்னாளில் ரப்பர் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் விட்டது. கதைகளின் உடை மட்டும் மாறவில்லை. கைலியோடும் வெறுங்காலோடும் செம்பனைக் குலை வெட்டுகிறவனை இன்னும் சில கதைகளில் பார்க்கலாம். முள்மட்டை சரிந்து விழும் அவ்விடத்தில் பூட்ஸ் இல்லாமல் நிற்கத் துணிபவன் கதையில்தான் இருப்பான்.