தள்ளுபடி அல்ல, கடன்

தமிழ் எம்.ஏ. படித்த எனக்குச் சட்டமும் ஒரு பிரதிதான். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் கட்டளை, நீதிமன்றக் கட்டணம் கட்ட வழியில்லாதவரைப் 'பாப்பர்' என்றது. 1976இல் 'வறியவர்' ஆக்கினார்கள்.

சொல்தான் மாறியது. இன்றும் சொத்துப் பட்டியல் கொடுக்கணும். நான் மனு எழுதிக் கொடுத்தபோது, "அண்டா குண்டானையும் எழுதணுமாப்பா?" என்று எங்க தெரு அத்தை கேட்டுச்சு. நிலத்தைப் பிடுங்கினவனே வந்து 'இவ ஏழையில்ல' என்று சாட்சி விடலாம். தோற்றால் கட்டணத்தை வாதியே கட்டணும். ஜெயித்தாலும் வழக்குச் சொத்தின்மேல் அரசுக்கு முதல் பாத்தியதை.

1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவோ, பட்டியல் சாதியாருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தருகிறது. நீதிமன்றக் கட்டணமும் அதில் சேர்த்தி.

ஒன்று ஏழ்மையை நிரூபி என்கிறது. மற்றது உரிமை என்கிறது. இரண்டாவதைத்தான் சேரியில் முதலில் சொல்லணும்.