பூவுக்கு மயங்கிய காளை

சண்டைக்கே போகாத ஒரு காளைமாட்டின் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. சொல்வது யார் தெரியுமா? புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன்! ஒவ்வொரு ஜனவரியும் பொங்கல் பானை அடுப்பில் ஏறுவதற்கு முன்பே தச்சங்குறிச்சியில் வாடிவாசலைத் திறந்துவிடுகிற மாவட்டம். 2019இல் விராலிமலையில் ஒரே நாளில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டு உலக சாதனை என்று மார்தட்டிய மாவட்டம். அந்த மண்ணில் பிறந்து, திமிலும் கொம்பும் புழுதியுமே உலகம் என்று வளர்ந்த நான், மைதானத்தின் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும் ஒரு மாட்டின் கதையைக் கட்டிக்கொண்டு அலைகிறேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைத்தான் பேசுகிறேன். வீட்டில் என்னைக் கண்டாலே "மாட்டுக் கதை வந்துருச்சு" என்கிறார்கள். சொல்லட்டும்!

புத்தகத்தின் பெயர் 'த ஸ்டோரி ஆஃப் ஃபெர்டினாண்ட்'. எழுதியவர் அமெரிக்கர் மன்ரோ லீஃப், படம் வரைந்தவர் ராபர்ட் லாசன், வெளிவந்தது 1936இல். லாசன் தன் கைவரிசையைக் காட்ட ஒரு கதை வேண்டுமே என்று நண்பருக்காக லீஃப் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்குள் எழுதி முடித்துவிட்டாராம். ஒரு மணி நேரம்! எனக்குக் கடைக்குப் போக சாமான் பட்டியல் எழுதவே அவ்வளவு நேரம் ஆகிறது. நாய், முயல், எலி, ஆடு என்று எல்லாவற்றையும் வைத்து ஏற்கெனவே ஏகப்பட்டவர்கள் எழுதிவிட்டதால் காளையைப் பிடித்தாராம் மனுஷன். என்ன பிடி!

கதை என்ன? ஸ்பெயினில் ஒரு கன்றுக்குட்டி. கூட இருக்கிற கன்றுகள் ஓடுகின்றன, துள்ளுகின்றன, தலையோடு தலை முட்டிக்கொள்கின்றன. நம்மவன் மட்டும் ஒரு தக்கை மரத்து நிழலில் உட்கார்ந்து பூ வாசம் பிடித்துக்கொண்டிருக்கிறான். வளர்ந்து மலைபோல ஆனபிறகும் அதே மரம், அதே பூ. ஒருநாள் மாட்ரிட் நகரத்துச் சண்டைக்கு முரட்டுக் காளை தேடி ஐந்து பேர் தொப்பியும் கிப்பியுமாக வருகிறார்கள். மற்ற காளைகள் தங்கள் வீரத்தைக் காட்ட, நம்மவன் தன்பாட்டுக்கு உட்காரப் போகிறான், உட்கார்ந்த இடத்தில் ஒரு வண்டு! கொட்டியது பாருங்கள் ஒரு கொட்டு! குதித்து, சீறி, மண்ணைக் கிளறி ஒரு ரகளை. வந்தவர்களுக்குக் கட்டுக்கடங்காத சந்தோஷம். ஆஹா இதுவல்லவோ காளை என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இங்கே நிறுத்துகிறேன். ஏனென்றால் மிச்சத்தை நான் கீரமங்கலம் பக்கத்தில், என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊரில் சொன்னபடிதான் சொல்ல வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து போன பஸ்ஸில் மறுபடி ஒருதரம் புரட்டி, வண்டுப் பக்கத்தில் வாய்விட்டுச் சிரித்து, கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்ததை விட்டுவிடுவோம்.

கீரமங்கலம் தெரியுமல்லவா? பூவும் பலாவும் கொட்டிக் கிடக்கிற சீமை. கோடை விடுமுறை, மல்லிகை கொத்துக் கொத்தாகப் பூத்துத் தள்ளுகிற காலம். விடியற்காலையிலேயே தோட்டத்தில் இறங்கிப் பூப்பறித்து, அப்பா பையைத் தூக்கிக்கொண்டு கமிஷன் கடைக்குப் போனபிறகு, பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பலாமரத்தடிக்கு வந்து சேர்கின்றன. நினைத்துப் பாருங்கள்: மேலே அடிமரத்திலேயே ஒட்டித் தொங்கும் பலாக்காய்கள், பக்கத்தில் கட்டுத்தறியில் சாட்சாத் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை பருத்திக்கொட்டை தின்றுகொண்டு, திண்ணையில் மிச்சப் பூவைக் கட்டிக்கொண்டிருக்கிற அப்பத்தா, என்னைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற அத்தனை பிள்ளைகளின் விரலிலும் மல்லிகை வாசம். பூ வாசம் பிடிக்கிற மாட்டின் கதையைச் சொல்ல இந்த உலகத்தில் இதைவிட வேறு இடம் உண்டா? எனக்கு அங்கேயே புல்லரித்துவிட்டது, புத்தகத்தை இன்னும் திறக்கவே இல்லை!

திறந்தேன். லாசன் ஒரு குறும்பு செய்திருப்பார். தக்கை என்பது அந்த மரத்தின் பட்டையிலிருந்து எடுப்பது. அவரோ பாட்டில் மூடுகிற தக்கைகளே காய்த்துக் குலுங்குவதாக மரத்தில் கொத்துக் கொத்தாக வரைந்து வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை நான் தூக்கிக் காட்டிய உடனே ஒரு வாண்டு எழுந்து, "மாமா, அது பலாப் பிஞ்சு!" என்றது பாருங்கள், நான் புத்தகத்தை மடியில் போட்டுவிட்டுக் கைதட்டினேன். பிறகு என்னால் உட்கார்ந்து சொல்லவே முடியவில்லை, எழுந்துவிட்டேன், முட்டினேன், வண்டு கொட்டியபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி ஓடினேன், கட்டுத்தறிக் காளை தின்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. வெட்கமா? எனக்கா?

மாட்ரிட் மைதானம் வந்தது. குத்தூசி வைத்திருப்பவர்கள், குதிரைமேல் ஈட்டி வைத்திருப்பவர்கள், கடைசியில் வாளோடு வருகிற மாடடோர் என்று நான் அடுக்க அடுக்கப் பிள்ளைகளின் முகம் மாறிவிட்டது. "மாட்டைக் கொன்னுருவாங்களா மாமா?" நம் ஊரில் திமிலைக் கட்டிப்பிடிப்பதுதானே வீரம், மாடு பிடிபட்டாலும் பிடிபடாவிட்டாலும் வீட்டுக்குத் திரும்பி வந்து தண்ணி குடிக்கும். வாளைக் கேட்டதும் ஒரு சின்னவள் போய்க் கட்டுத்தறியில் நின்ற அவர்கள் வீட்டுக் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வாடியிலிருந்து புலியாகப் பாய்ந்து ஆளைத் தூக்கி எறிகிற அதே காளை, அந்தச் சின்னவள் இழுத்த இழுப்புக்குத் தலையைத் தாழ்த்திக் கொடுக்கிறது! ஃபெர்டினாண்ட் எங்கோ ஸ்பெயினில் இருக்கிறான் என்று யார் சொன்னது, இதோ இங்கேதானே நிற்கிறான் என்று எனக்குத் தொண்டை அடைத்துப் போக, நான் அதை மறைக்க என் சிவப்புத் துண்டை உதறி மாடடோராகிவிட்டேன், மைதானம் முழுக்கக் கூட்டம், எக்காளம் ஊதுகிறது, கதவு திறக்கிறது, ஃபெர்டினாண்ட் ஓடி வருகிறான், வருகிறான், வந்து... பெண்கள் தலையில் வைத்திருக்கும் பூவைப் பார்க்கிறான். அவ்வளவுதான்! நட்ட நடுவில் உட்கார்ந்து மூச்சை இழுத்து வாசம் பிடிக்க ஆரம்பித்துவிடுகிறான்! "கீரமங்கலத்துப் பூவா மாமா?" "பின்னே, இங்கேருந்துதான் வண்டியேறிப் போச்சு!" கூச்சல், சிரிப்பு, தரையில் உருளல். ஈட்டிக்காரன் கத்துகிறான், மாடடோர் அழுதே விடுகிறான், நம்மவன் அசையவில்லை. அப்போது ஒரு பையன், அதுவரை ஓரமாக உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாதவன், எல்லோரையும் அடக்கிவிடுகிற குரலில் சொன்னான்: "இது நின்னு விளையாடுற மாடு இல்ல மாமா. உக்காந்து விளையாடுற மாடு!"

ஐயோ! ஜல்லிக்கட்டுக்காரர்களுக்குத் தெரியும் அந்தச் சொல்லின் மதிப்பு. அவிழ்த்ததும் ஓடிவிடாமல் களத்திலேயே சுற்றிச் சுழன்று எவனையும் கிட்டே விடாத காளையைத்தான் 'நின்னு விளையாடுற மாடு' என்பார்கள், அதைவிடப் பெரிய பட்டம் ஒரு காளைக்குக் கிடையாது. அதற்கும் மேலே ஒரு படியை உண்டாக்கி அங்கே ஃபெர்டினாண்டை ஏற்றி உட்காரவைத்துவிட்டான் அந்தப் பொடியன். நான் எழுதிய எந்தப் பாராட்டும் இதற்கு முன் நிற்காது.

இந்தக் கதையில் தன்னம்பிக்கை எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. அவன் எதையும் கற்றுக்கொண்டு ஜெயிக்கவில்லையே, பயிற்சி எடுக்கவில்லையே என்பார்கள். அட, அதுதானே விஷயம்! கூட்டமே முட்டு முட்டு என்று கத்தும்போது 'எனக்கு இது வேண்டாம்' என்று நட்டநடு மைதானத்தில் உட்கார எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்? அந்த உரம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள், ஆரம்பத்துப் பக்கங்களில் இருக்கிறது. பிள்ளை தனியாகவே உட்கார்ந்திருக்கிறதே என்று தாய்ப்பசு கவலைப்பட்டு வந்து கேட்கிறது. அவன் தன் மனசைச் சொல்கிறான். அவனுக்கு அங்கே ஏக்கம் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் சரி என்று விட்டுவிடுகிறது. அவ்வளவே. 'பக்கத்து வீட்டுக் கன்னைப் பாரு' என்று ஒரு சொல் இல்லை! அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது திண்ணையில் பூக்கட்டுகிற கை நின்றது. "நல்ல தாயி" என்றார் அப்பத்தா, நாரை மறுபடி எடுத்துக்கொண்டு.

இந்தச் சாது மாட்டைக் கண்டு சர்வாதிகாரிகள் நடுங்கினார்கள் என்றால் நம்புவீர்களா? புத்தகம் வந்தபோது ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கி இரண்டு மாதம்தான். சண்டை போடாத காளை என்றால் ஏதோ உள்குத்து என்று ஃபிராங்கோவின் ஸ்பெயின் தடை போட்டது, ஹிட்லரின் ஜெர்மனி எரித்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அதே ஜெர்மனியில் பிள்ளைகளுக்கு இதை அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். 1938இல் வால்ட் டிஸ்னி குறும்படமாக எடுத்து ஆஸ்கரும் வாங்கினார். ஒரு மாடு சும்மா உட்கார்ந்ததற்கு எத்தனை கூத்து!

குறை ஏதாவது? எல்லாப் படமும் கறுப்பு வெள்ளை, கலர் வேண்டும் என்று ஒரு சின்னது சிணுங்கியது. அதற்கென்ன, மல்லிகையும் வெள்ளைதானே என்று சமாளித்துவிட்டேன். அதற்கு மேல் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஆகவே வாங்குங்கள். புத்தகக் கண்காட்சிக்குப் போனால் முதலில் இதைக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் வரவழைக்கச் சொல்லி நச்சரியுங்கள். கையில் கிடைத்த அன்றே பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துத் தமிழில் உங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லுங்கள், வண்டு கொட்டும் இடத்தில் கட்டாயம் துள்ளுங்கள், இடுப்பு பிடித்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல. வீட்டில் பிள்ளைகள் இல்லையா? உங்களுக்கே வாங்கிப் படியுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்! படித்துவிட்டு என்னிடம் வந்து "சுமார்தான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஃபெர்டினாண்டுக்கு வேண்டுமானால் கோபம் வராது. எனக்குக் கொம்பு முளைத்துவிடும்!