நெய்தல் விற்பனைக்கு

செய்யூர்ச் சாலையோர மனை விளம்பரங்களை நெய்தல் திணையாகவே வாசிக்கிறேன். கடல், மணல், மாலை எல்லாம் உண்டு. கருப்பொருளாகிய மக்கள்தான் இல்லை. அருகே மரக்காணம்; அதுவே பழைய எயிற்பட்டினம் என்பர். அங்கே, சிறுபாணாற்றுப்படையில், நுளைமகள் வடித்த தேறலும் சுட்ட மீனும் பாணர்க்குக் கிடைக்கின்றன. விளம்பரத்தில் அவளுக்குப் பதிலாக ஊஞ்சலாடும் ஒருத்தி.

வாரநாளில் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பெருக்கித் துடைப்பவள் யார்? 2019 ஜனவரியில் வெளியான கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் அடர்ந்த ஊரகக் கரைகளில் கட்டுமானத் தடையை 200 மீட்டரிலிருந்து 50 ஆகச் சுருக்கியது. அத்தகைய 150 மீட்டரில்தான் பெண்கள் கருவாடு காயவைக்கிறார்கள். பொதுமணலுக்குப் பட்டா கிடையாது; எனவே அவர்களை யாரும் கேட்பதுமில்லை.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அதைத் தலைவன் பிரிவோடு நிறுத்திப் பாடம் நடத்த இனி என்னால் முடியாது.