கறுப்புக் கட்டங்களின் மறுவரவு

ஆரணி பட்டுத்தறிகளின் வட்டாரம். இங்கே முந்திக்கும் பார்டருக்கும் டிசைன் போடுபவரின் வேலை கட்டம் போட்ட கிராஃப் தாளில் தொடங்குகிறது. அந்தத் தாள் இன்று பல இடங்களில் கணினித் திரைக்கு மாறிவிட்டது. நிரப்பிய கட்டத்துக்கு ஜக்கார்டு அட்டையில் துளை விழும், அந்த இடத்தில் பாவு நூல் மேலே ஏறும். நிரப்பாவிட்டால் நூல் கீழேயே கிடக்கும். பாதி ஏறுவது என்று ஒன்று கிடையாது. இணையதளங்களிலும் விளையாட்டுகளிலும் மீண்டும் தலைகாட்டும் ஒற்றைநிறப் பிக்சல் ஓவியங்களை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கலையின் மூதாதை திரையில் பிறக்கவில்லை. 1839-இல் பிரான்சின் லியோன் நகரில், இந்தத் துளை அட்டைக்குத் தன் பெயரைத் தந்த ஜக்கார்டின் உருவப்படத்தையே கறுப்பு வெள்ளைப் பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. பார்த்தவர்கள் அதைச் செதுக்கு அச்சுப்படம் என்றே நினைத்தார்கள். கணிப்பொறிக்கு முன்வடிவம் தந்த சார்லஸ் பாபேஜ் ஒரு பிரதியை வாங்கி வைத்திருந்தார்.

திரைக்கு இந்த முறையைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் சூசன் கேர். 1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினியின் திரை 512-க்கு 342 புள்ளிகள் கொண்டது. கறுப்பு, வெள்ளை இரண்டே நிலைகள். அதற்கான சின்னங்களை அவர் முதலில் கிராஃப் நோட்டில், 32-க்கு 32 கட்டங்களில் வரைந்தார். ஒரு சின்னத்துக்கு மொத்தம் 1,024 கட்டங்கள், நினைவகத்தில் 128 பைட். சிரிக்கும் கணினி, குப்பைக்கூடை எல்லாம் அந்தச் சிக்கனத்துக்குள் அடங்கின. அந்த நோட்டுப் பக்கங்களை 2015-இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது.

அன்று கட்டாயம், இன்று விருப்பம். லூகாஸ் போப் 2018-இல் வெளியிட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் த ஓப்ரா டின்’ விளையாட்டில் ஒரு முழுக் கப்பலும் இரண்டே நிறங்களில் நிற்கிறது. தொடக்கத்தில், பார்வை திரும்பும்போதெல்லாம் நிழற்புள்ளிகள் நீந்துவதுபோல் நெளிந்து கண்ணை உறுத்தின. பார்ப்பவரைச் சுற்றிக் கற்பனையாக ஒரு கோளம் அமைத்து, புள்ளிகளை அதன் மேல் பதித்து அந்த நெளிவைப் போப் அடக்கினார். 2022-இல் வந்த பிளேடேட் கையடக்கக் கருவியின் திரையும் 400-க்கு 240, கறுப்பு வெள்ளைதான். சூரிய மின்சாரத்தில் ஓடும் ‘லோ-டெக் மேகசின்’ இணையதளம் படங்களின் எடையைக் குறைக்கவே புள்ளிப்படங்களாக மாற்றுகிறது. மூன்றிலும் தோற்றத்துக்கு ஒரு காரணம் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பெருவாரியான மற்றவை அப்படி இல்லை. புகைப்படத்தை வடிகட்டியில் போட்டுப் புள்ளியாக்கி, பழமை என்று ஒட்டிவிடுகிறார்கள். அதில் எந்தக் கட்டத்தையும் யாரும் யோசித்து நிரப்பவில்லை. தறி இதை மன்னிக்காது. ஒரு பூவின் நடுவைப் பட்டையாக நிரப்பிவிட்டால் ஜரிகை பிடிப்பில்லாமல் நீளமாக மிதக்கும். வளையலிலோ மோதிரத்திலோ மாட்டி இழுபடும். ஆகவே நிரப்பிய பரப்புக்குள்ளேயே இடைவெளி விட்டுப் பிடிப்புப் புள்ளிகள் வைக்கவேண்டும். எங்கே வைத்தால் இதழின் வளைவு கெடாது என்பதில்தான் டிசைன் போடுபவரின் கண் தெரியும். கட்டத்தின் அளவிலும் இதே கவனம்தான். ஓர் அங்குலத்தில் பாவு இழை எத்தனை, ஊடை எத்தனை என்று பார்த்து அந்த விகிதத்தில் கட்டம் போட்ட தாளை எடுக்கவேண்டும். தவறினால் தாளில் அழகாக நின்ற மயில் சேலையில் நெட்டையாகிவிடும். திரையிலும் இதற்கு இணையான பிழை உண்டு. பிக்சல் படத்தை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று பெரிதாக்கலாம். ஒன்றரை மடங்காக்கினால் கட்டங்கள் ஒன்றுக்கொன்று அளவு மாறும், இல்லையேல் விளிம்பு மங்கும்.

தமிழ் வடிவமைப்பாளர்கள் இந்தப் பாணியைக் கையிலெடுக்கும்போது எழுத்துதான் பெரிய சோதனை. ஆங்கில எழுத்துக்கு 5-க்கு 7 கட்டம் போதும். நம் மூன்றுசுழி ‘ண’வில் ஒவ்வொரு சுழிக்குள்ளும் ஒரு வெள்ளைக் கட்டமாவது வேண்டும், அது அடைபட்டால் இரண்டுசுழி ‘ன’வா இல்லையா என்றே புரியாது. மேலே ‘ீ’ சுழிக்கும் கீழே ‘ூ’ வாலுக்கும் தனி வரிசைகள் ஒதுக்கவேண்டும். யுனிஃபாண்ட் எழுத்துருவில் 16 கட்ட உயரத்தில் தமிழ் இருக்கிறது. தொடக்கத்துக்கு அது உதவும். தலைப்புகளுக்கு 24, 32 கட்ட உயரத்தில், சுழி சுழியாகக் கையால் வரைந்த தமிழ் எழுத்துருக்கள் இன்னும் நிறைய வரவேண்டும்.